பின் கேட்டை மூடச் சொன்னவர்

செய்தி காலையில் நம் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. நான் எழுத்துக்கூட்டிப் படிப்பவன். மற்றவர்கள் ஒரு பார்வையில் பார்த்து முடிப்பதை நான் படிப்படியாக ஏறித்தான் பார்க்க வேண்டும். முதலில் ‘நம் நகர்’ என்று படித்தேன். பிறகு ‘குடியிருப்போர் நலச் சங்கத்தின்’. இது எனக்குப் பழகிய சொல், தெருமுனைப் பலகையில் தினமும் பார்க்கிறேன். ‘செயலாளர் திருமதி ஜெயலட்சுமி’ என்று வந்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஆண்டுக் கூட்டம் நெருங்குகிறது, அம்மா அறிவிப்புப் போட ஆரம்பித்துவிட்டார், இந்த முறை என்ன சண்டையோ என்று நினைத்துக்கொண்டே மேலே போனேன். ‘அவர்கள் நேற்று மாலை’ என்று இருந்தது. அதற்கு அடுத்த சொல்லை இரண்டு தடவை படித்தேன். பிறகு மருமகள் கவிதாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்து என்னை உட்கார வைத்தாள். நான் படித்தது சரிதான்.

உங்களுக்கெல்லாம் ஒரு நொடியில் போய்விட்டவர், எனக்கு அந்த வரி முடியும்வரை உயிரோடு இருந்தார். மெதுவாகப் படிப்பதில் இப்படி ஒரு லாபம் இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

சங்க வேலைகளை இப்போது பார்த்துக்கொள்ளும் கார்த்திக், அம்மாவைப் பற்றி ஆண்டு மலருக்கு எழுத ஆள் தேடிக்கொண்டு வந்தார். “நீங்க சொல்லுங்க அங்கிள், நான் டைப் பண்ணிக்கிறேன்” என்றார். நானே எழுதுகிறேன் என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “எப்ப கிடைக்கும்?” என்று கேட்டார். மெதுவாகக் கிடைக்கும் என்றேன். தினமும் காலையில் டீ குடித்த பிறகு உட்கார்ந்து எழுதிய பக்கங்கள் இவை.

புதிய அடுக்குமாடிகளுக்கு வந்திருப்பவர்களுக்காக என்னைப் பற்றி நாலு வரி. என் பெயர் கோதண்டம். எல்லோரும் மேஸ்திரி என்பார்கள். கட்டட வேலை செய்தவன். என் மகன் சேகர் நம் நகரின் கடைசி வீட்டைக் கடன் போட்டு வாங்கி என்னையும் கூட்டிக்கொண்டு வந்தான். எங்கள் வீட்டை ஒட்டித்தான் பின் கேட் இருக்கிறது. அந்தக் கேட்டுக்கு அந்தப் பக்கம், அடையாற்றின் கரையில்தான் நாங்கள் முன்பு குடியிருந்தோம். அங்கே இருந்தவர்களில் பாதிப்பேரை ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் குடிவைத்துவிட்டார்கள். என் மகள் செல்வி இருக்கும் வரிசை மட்டும் மிஞ்சியது. செல்வி நம் நகரில் இரண்டு வீடுகளில் சமையல் செய்கிறாள். காலையில் பின் கேட் வழியாக வருவாள், எங்கள் அடுக்களையில் என்னோடு டீ குடிப்பாள், பிறகு வேலைக்குப் போவாள். கேட்டை மூடினால் அவள் பாலத்தைச் சுற்றி, பெரிய சாலையில் நடந்து வர வேண்டும். அவளுக்கு முழங்கால் சரியில்லை. சுற்றிக்கொண்டு வருகிறவளுக்கு என்னோடு உட்கார நேரமும் இருக்காது. நான் சொல்லப்போகும் விஷயத்தில் எனக்கு இருக்கும் பங்கு இவ்வளவுதான். ஆனால் எனக்கு இது பெரிய பங்கு.

ஜெயலட்சுமி அம்மாள் மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்தவர். டெலிபோன் ஆபீசில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தனியாகத்தான் இருந்தார். வேறு யாரும் முன்வராததால் செயலாளர் ஆனார், அதே காரணத்தால் கடைசிவரை செயலாளராக இருந்தார். அறிவிப்புகளைக் கையால்தான் எழுதுவார். எழுதித் தெருமுனைப் பலகையில் ஒட்டுவார். குழுவில் போட்டால் போதாதா என்று கேட்டவர்களிடம், “அங்க போட்டா கட்டை விரலைக் காட்டிட்டுப் போயிடறா. இங்கன்னா நின்னு சண்டை போடறா” என்றார்.

எனக்கு அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டிருப்பது பெரிய பொழுதுபோக்கு. அப்போது எனக்கு எழுத்து தெரியாது. புது அறிவிப்பு ஒட்டிய அன்று, பலகை தெரியும்படி வாசலில் உட்கார்ந்துகொள்வேன். ரிட்டயர்டு பேங்க் மேனேஜர் நடராஜன் சார் வந்து நின்று படிப்பார், காது சிவந்துவிடும். பத்மா மாமி அதையே படித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். ஒரே தாளில் ஒருவருக்குக் கோபமும் இன்னொருவருக்குச் சிரிப்பும் எப்படி இருக்கிறது என்று எனக்கு ஒரே ஆச்சரியம். ஒருநாள் பசையோடு வந்த அம்மாவிடமே கேட்டேன், கொஞ்சம் படித்துக் காட்டுங்கள் என்று.

“மாட்டேன்” என்றார்.

“ஏம்மா?”

“நான் வாசிச்சா என் குரல்ல கேப்பேள், மேஸ்திரி. முப்பது வருஷம் குரலை வெச்சுண்டு சம்பாதிச்சவ நான். எதை வாசிச்சாலும் நியாயமாத்தான் தோணும். நீங்களே வாசிச்சாத்தான் என்மேல கோபம் வரும்.”

பசையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு அவமானமாக இல்லை. ஆனால் அன்று முழுவதும் அந்தப் பேச்சு என்னை விடவில்லை. நமக்கு ஒருவர்மேல் கோபம் வர வேண்டும் என்று அவரே விரும்புவாரா? கவிதாவிடம் சொன்னேன். அவள் சிரித்தாள். மறுநாளிலிருந்து குக்கர் அடுப்பில் இருக்கும் நேரத்தில் எனக்கு எழுத்து சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒரு சின்னப் பலகையை மாட்டிவிட்டாள். ஆவி அடங்குவதற்குள் எத்தனை எழுத்து முடியுமோ அத்தனை. பருப்பு வேகும் நாளில் கொஞ்சம் கூடுதலாகப் படித்தேன்.

இதற்கு நடுவில்தான் அந்த விபத்து. பின் கேட் வழியாகக் குறுக்கே வருகிற வண்டிகளைப் பற்றி எல்லோருக்கும் குறை இருந்தது. சிக்னலைத் தவிர்க்க வேண்டும் என்று சாப்பாடு கொண்டுபோகிற வண்டிகள் நம் தெருவில் புகுந்து பறக்கும். ஒருநாள் பலகையில் தாள் ஒட்டிக்கொண்டிருந்த அம்மாவை ஒரு வண்டி இடித்துவிட்டது. வலது மணிக்கட்டு முறிந்துபோயிற்று. ஓட்டி வந்த தம்பி அவனே ஆட்டோ பிடித்து ஏற்றினான். அம்மா ஆட்டோவில் ஏறும்போது, “அந்தத் தாள் கோணலா ஒட்டியிருக்கு, யாராவது நேரா வைங்கோ” என்று சொல்லிவிட்டுப் போனார்.

சில நாள் கழித்துப் பலகையில் ஒரு புது அறிவிப்பு இருந்தது. கட்டுப் போட்ட கையால் எழுத முடியாமல் இடது கையால் எழுதியிருந்தார். எழுத்துகள் பெரிது பெரிதாக, ஒன்றையொன்று தொடாமல், விழுந்துவிடுமோ என்பதுபோல நின்றன. என் எழுத்து மாதிரியே இருந்தது. எனக்குச் சந்தேகம் வந்து கிட்டே போனேன். ஆண்டுப் பொதுக்கூட்டம். ஞாயிறு காலை. நாற்காலி கொண்டு வரவும். காபி உண்டு. தீர்மானம்: பின் கேட்டை நிரந்தரமாக மூடுவது. இப்படிக்கு, செயலாளர்.

யாருடைய உதவியும் இல்லாமல் என் வாழ்நாளில் நான் முழுதாகப் படித்த முதல் தாள் அதுதான். எனக்கு உண்டான சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. ‘நிரந்தரமாக’ என்ற சொல்லை இரண்டு தடவை சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன், வாய்க்கு அவ்வளவு நன்றாக இருந்தது. வீட்டு வாசல் வரை வந்த பிறகுதான் அது என்ன சொல்கிறது என்று உறைத்தது. அப்படியே திரும்பி நேராக அம்மா வீட்டுக்கு நடந்தேன்.

“படிச்சிட்டேம்மா” என்றேன்.

“முழுக்கவா?”

“முழுக்க.”

“கோபம் வந்துதா?”

“வந்துச்சிம்மா.”

“அப்போ சரியாத்தான் படிச்சிருக்கேள். உக்காருங்கோ, காபி கலக்கறேன். ஒத்தைக் கையால ஆத்தினா நுரை வராது, பரவாயில்லையா?”

கேட்டை மூடினால் செல்வி பாலத்தைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும் என்று சொன்னேன். அவள் முழங்காலைப் பற்றியும் சொன்னேன். அம்மா குறுக்கிடாமல் கேட்டார். பிறகு, “இதைக் கூட்டத்துல எழுந்து நின்னு சொல்லுங்கோ. இங்க சொன்னா எனக்கு மட்டும்தான் தெரியும்” என்றார். கேட்டை மூடக்கூடாது என்று கேட்க வந்தவனிடம், கேட்டை மூடுவதை எப்படி எதிர்ப்பது என்று சொல்லி அனுப்பினார். எனக்குக் கோபமும் குறையவில்லை, அவர்மேல் இருந்த ஆச்சரியமும் குறையவில்லை.

நம் கூட்டத்தின் வழக்கம் உங்களில் பலருக்கும் தெரியும். ஆனாலும் எழுதி வைக்கிறேன். தெருவிலேயே கூடுவோம். ஒரு வீட்டுக்கு ஒரு நாற்காலி, அவரவர் வீட்டிலிருந்து. ஓட்டுக்கு விடும்போது தீர்மானத்தை ஏற்பவர்கள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கிழக்கு ஓரத்துக்குப் போக வேண்டும், எதிர்ப்பவர்கள் மேற்கு ஓரத்துக்கு. இது அம்மா கொண்டுவந்த முறை. கை தூக்கினால் போதாதா என்று நான் ஒருதரம் கேட்டிருக்கிறேன். “கைன்னா பக்கத்தாத்துக்காரர் தூக்கறாரான்னு பாத்துட்டுத் தூக்குவா. நாற்காலியைத் தூக்கணும்னா மனுஷா கொஞ்சம் யோசிப்பா” என்றார்.

அந்த ஞாயிறு நடராஜன் சார் முதலில் எழுந்தார். “நான் ரொம்பப் பேச விரும்பலை. மேடம் கையைப் பாருங்க. இதுக்கு மேல என்ன வேணும்?”

அம்மா கழுத்தில் கட்டிய துணியில் கையைத் தொங்கவிட்டபடி தலைமை நாற்காலியில் இருந்தார். “என் கை அஜெண்டால இல்லை சார். வேற ஏதாவது இருந்தா சொல்லுங்கோ” என்றார்.

நடராஜன் சார் உட்கார்ந்துவிட்டார். நான் எழுந்து நின்று செல்வியைப் பற்றிச் சொன்னேன். என்ன சொன்னேன் என்று எனக்கே முழுதாக நினைவில்லை. பத்மா மாமி உட்கார்ந்த இடத்திலிருந்தே, “செல்வி நாழியாகி வந்தா எங்காத்துல சாப்பாடு கிடையாது. இவர் சமைச்சு நான் சாப்பிட முடியாது. நான் எதிர்ப்பு” என்றார். அவர் கணவர் தலையைக் குனிந்துகொண்டார்.

ஓட்டுக்கு விட்டார்கள். நாற்காலிகள் இரண்டு பக்கமும் பிரிந்தன. அப்போதுதான் ஒரு தகராறு கிளம்பியது. நடராஜன் சார் கிழக்கு ஓரத்தில் இரண்டு நாற்காலி போட்டிருந்தார். ஒன்று அவருக்கு, இன்னொன்று அமெரிக்காவில் இருக்கும் அவர் தம்பிக்கு நம் தெருவில் உள்ள வீட்டுக்கு. ஆள் இல்லாத நாற்காலிக்கு ஓட்டு உண்டா?

“அவன்கிட்ட போன்ல கேட்டுட்டேன்.”

“கேட்டா போதுமா சார்? நாற்காலி அவர் வீட்டு நாற்காலியா?” என்றார் மேற்கு ஓரத்தில் ஒருவர்.

“நாற்காலிக்கெல்லாம் பத்திரம் கேப்பீங்களா?”

இது முடியவே முடியாதுபோல வளர்ந்தது. காபி ஒரு சுற்று வந்து, தீர்ந்து, மறுபடி போட உள்ளே போனார்கள். சூரியன் மேலே ஏறிவிட்டது. காலையில் தெரு முழுவதும் கிழக்கு வரிசை வீடுகளின் நிழல்தான் இருக்கும். ஏற ஏற அந்த நிழல் சுருங்கிக் கிழக்கு ஓரத்துக்கே போய்விடும். மேற்கு ஓரத்தில் இருந்த எங்கள் தலைமேல் வெயில் கொதித்தது. நான் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு அசையாமல் இருந்தேன். என் பக்கத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக நாற்காலியை நகர்த்திக்கொண்டு எதிர் ஓரத்துக்குப் போவதைப் பார்த்தேன். பத்மா மாமியும் போனார். மனது மாறிவிட்டார்கள் என்றுதான் நான் நினைத்தேன். நான் நன்றாகப் பேசவில்லை, அதனால்தான் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். செல்வியிடம் என்ன சொல்வது என்று யோசிக்கவும் ஆரம்பித்துவிட்டேன்.

கடைசியில் ஆள் இல்லாத நாற்காலி செல்லாது என்று முடிவாகி, அம்மா எண்ணினார். அந்த நாற்காலியை விட்டாலும் கிழக்கே நிறையப்பேர் இருந்தார்கள். நடராஜன் சார் கைதட்டினார். அம்மா வாயைத் திறந்தவர், பத்மா மாமியைப் பார்த்து நிறுத்தினார்.

“பத்மா, நீ எதிர்ப்புன்னயே?”

“எதிர்ப்புதான்டி. யார் இல்லேன்னா?”

“பின்னே இந்தப் பக்கம் ஏன் உக்காந்திருக்கே?”

“நிழல் இங்கதானே இருக்கு.”

அம்மா கிழக்கு ஓரத்தில் இருந்த ஒவ்வொருவரிடமும் போய் நின்று கேட்டார். மூட வேண்டும் என்று உண்மையாகவே வந்தவர்கள் இருந்தார்கள். வெயிலுக்கு வந்தவர்களும் இருந்தார்கள். தொப்பி போட்ட ஒருவர், தான் இன்னும் ஒரு முடிவுக்கும் வரவில்லை, காபிக்காகக் காத்திருப்பதாகச் சொன்னார்.

“மேடம், எண்ணியாச்சு” என்றார் நடராஜன் சார். “நீங்க கேட்டதுதான் கிடைச்சிருக்கு. எழுதிட்டு எழுந்திருங்க.”

“எனக்கு வேணும்தான் சார். ஆனா இது வெயில் போட்ட ஓட்டு. வெயிலுக்கு நம்ம நகர்ல வீடு இல்லையே.”

நாற்காலிகளை அங்கேயே விட்டுவிட்டு எல்லோரையும் பின் கேட்டுக்கு நடக்கச் சொன்னார். அங்கே இரண்டு பக்கமும் வெயில்தான். மூட வேண்டும் என்பவர்கள் உள்ளே நிற்க வேண்டும், வேண்டாம் என்பவர்கள் கேட்டைத் தாண்டி அந்தப் பக்கம் நிற்க வேண்டும். தரை சுட்டதால் யாரும் நின்று யோசிக்கவில்லை. நான் தாண்டிப் போய் நின்றேன். பத்மா மாமி புடவைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு என்னை இடித்துக்கொண்டு வந்து நின்றார். எண்ணினார்கள். கொஞ்ச வித்தியாசத்தில் எங்கள் பக்கம் அதிகம். அம்மா உள்பக்கம், அவர் தீர்மானத்தின் பக்கம், கட்டுப் போட்ட கையோடு நின்றுகொண்டு, “தீர்மானம் தோற்றது” என்று அவர் வாயாலேயே சொன்னார். பிறகு, “வாங்கோ, காபி ஆறிப்போறது” என்றார்.

எனக்கு இந்த மனுஷியைப் புரிந்துகொள்ளாமல் விட மனம் வரவில்லை. மறுநாள் போய்க் கேட்டேன். நீங்கள் கேட்டது கையில் வந்தது, ஏன் விட்டீர்கள்?

“வெளியூருக்கு டிரங்க் கால் போடறச்சே தப்பான நம்பர் விழுந்துடும்” என்றார். “அந்தப் பக்கம் இருக்கறவர் நன்னாத்தான் பேசுவார். அதுக்காக லைனைக் கொடுத்துட முடியுமா? கட் பண்ணிட்டு மறுபடி போடணும்.”

“அப்போ கேட்ட மூட வேணாம்னு உங்களுக்கும் தோணிடுச்சா?”

“யார் சொன்னா? மூடியே ஆகணும். அடுத்த வருஷம் மறுபடி கொண்டு வருவேன்.”

கொண்டு வந்தார். வருடா வருடம் கொண்டு வந்தார். ஒரே ஒரு மாற்றம், கூட்டத்தை வெயிலுக்கு முன்பே தொடங்கிவிடுவார். கூட்டத்தன்று காலையில் குடையோடு கிளம்பி, தன்னை எதிர்ப்பவர்கள் வீட்டுக் கதவை மட்டும் தட்டுவார். “வந்து எனக்கு எதிரா உக்காருங்கோ” என்பார். நடராஜன் சார் ஒருதரம் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். “நான் அவங்க கட்சி. என்னை ஒருநாளும் வந்து கூப்பிட்டதில்லை.”

எல்லாம் இனிமையாக இருந்தது என்று எழுதினால் பொய்யாகிவிடும். செல்விக்கு அம்மாமேல் நம்பிக்கை கிடையாது. “அந்தம்மாக்கு நாம உள்ள வர்றது புடிக்கல நைனா. வண்டின்னு சும்மா சொல்லிக்கினு கீது” என்பாள். ஒருநாள் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது செல்வி நேராகவே கேட்டுவிட்டாள்.

அம்மா கோபப்படவில்லை. “நீ வரது எனக்குப் பிடிக்கும். வண்டி வரதுதான் பிடிக்கலை. ரெண்டும் ஒரே வழியா வரதே, நான் என்ன பண்ணுவேன்?”

“பேச்சு நல்லாத்தான் கீது. ஆனா மூடினா எனக்கும்தானம்மா மூடும்?”

அம்மா டீக் கோப்பையைக் கீழே வைத்தார். “அதுக்கு என்கிட்ட பதில் இல்லை” என்றார். அந்த ஒரு தடவைதான் அவர் அப்படிச் சொல்லிக் கேட்டேன். செல்வி பிறகு அவரைப் பற்றிப் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். மன்னித்துவிட்டாள் என்று சொல்ல மாட்டேன்.

அம்மா அன்று வந்தது ஒரு காரியத்துக்காக. அந்த வருடத்து அறிவிப்பில் கேட்டை மூடுவதற்குத் தன் காரணங்களை எழுதிவிட்டு, கீழே பாதித் தாளைக் காலியாக விட்டிருந்தார். “உங்க பக்கத்து நியாயத்தை நீங்க எழுதுங்கோ. நான் எழுதினா பாதிதான் வரும்” என்றார். என் பெயரைத் தவிர அதுவரை நான் தாளில் எதுவும் எழுதியதில்லை. அன்று சாயங்காலம் முழுவதும் உட்கார்ந்து எழுதினேன். பின் கேட்டை மூடினால் வேலைக்கு வருகிறவர்கள் பாலத்தைச் சுற்றி நடக்க வேண்டும். அவர்களில் கால் வலி உள்ளவர்களும் இருக்கிறார்கள். அவ்வளவுதான். ஒவ்வொரு எழுத்தையும் செங்கல் வைப்பதுபோல வைத்தேன், நூல் பிடித்துப் பார்த்தேன். கொண்டுபோய்க் கொடுத்ததும் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

“தப்பு இருந்தா திருத்திடுங்கம்மா.”

“எழுத்துல தப்பே இல்லை மேஸ்திரி. கருத்துலதான் தப்பு.”

அப்படியே கொண்டுபோய் ஒட்டினார். மேலே அவருடையது, கீழே என்னுடையது. மறுநாள் நான் வாசலில் உட்கார்ந்துகொண்டு, என் எழுத்தைப் படிக்கிறவர்களின் முகங்களைப் பார்த்தேன். நடராஜன் சாருக்குக் காது சிவந்தது. அந்தக் காது சிவந்ததற்கு நான் காரணம் என்று நினைத்தபோது எனக்கு உண்டான ஆனந்தம் இருக்கிறதே, அதைத் தந்தவர் அவர்.

அவர் போன அன்று வீடு நிறைந்துவிட்டது. ஆற்றங்கரையிலிருந்தும் வந்தார்கள். செல்வியும் வந்து ஓரமாக நின்றாள். நடராஜன் சார் கைக்குட்டையை முகத்திலிருந்து எடுக்கவேயில்லை.

போன வாரம் கார்த்திக் இந்த வருடக் கூட்டத்துக்கான பட்டியலோடு வந்தார். படித்துப் பார்த்தேன். கேட்டைப் பற்றி ஒன்றும் இல்லை.

“மேடம் இல்லை, வேற யாரும் கொண்டு வரலை, விட்டுடலாம் அங்கிள்” என்றார். “உங்களுக்கும் நிம்மதிதானே?”

நிம்மதியாகத்தான் இருந்தது. செல்வியிடம் சொன்னேன், “அப்பாடா” என்று காலை நீட்டி உட்கார்ந்தாள். ஆனால் மறுநாள், பட்டியல் ஒட்டிய பலகையின் முன் நடராஜன் சார் நிற்பதைப் பார்த்தேன். படித்தார். கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை, திரும்பிப் போனார். எனக்கு மனது கேட்கவில்லை. பின்னாலேயே போய், நீங்கள் கொண்டு வரலாமே சார் என்றேன்.

“வண்டி இன்னைக்கும் பறக்குது மேஸ்திரி, எனக்குத் தெரியாதா?” என்றார். “ஆனா நான் இப்ப எழுந்து நின்னா செத்துப்போனவங்களுக்காக ஓட்டுப் போடுவாங்க. தன் கையைப் பத்தியே பேசக்கூடாதுன்னு சொன்னவங்க அவங்க. நான் கொண்டு வர மாட்டேன்.”

அவர் சொன்னது சரி என்று பட்டது. வீட்டுக்கு வந்து யோசித்தேன். யார் கொண்டு வந்தாலும் அம்மாவுக்காகக் கேட்கிறார் என்ற பேச்சு வரும். ஒரே ஒரு ஆள் கொண்டு வந்தால் மட்டும் வராது. அவன் கேட் திறந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறவன் என்பது இந்தத் தெருவுக்கே தெரியும்.

காலையில் டீயோடு செல்வியிடம் சொன்னேன்.

“இன்னா நைனா, உனுக்குப் பைத்தியம் கியித்தியம் புட்ச்சிகிச்சா? அதுவா அடங்கிப் போயிருக்கு. நீயே எடுத்துக்கினு போய் வெக்கிறேன்ற. ஜெயிச்சிட்டா?”

“ஜெயிச்சா நீ சுத்திக்கினு வரணும்.”

“என் முட்டிக்கு நீ பதில் சொல்லுவியா?”

என்னிடம் பதில் இல்லை. அவள் டீயைக் குடித்து முடித்தாள், கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தாள், செருப்பை மாட்டிக்கொண்டாள். வாசலில் நின்று திரும்பி, “படிக்கறதுதான் படிக்கற, ரொம்ப நல்லா படிக்காத” என்றாள்.

கூட்டத்துக்கு முன்பே இந்த மலர் உங்கள் கைக்கு வந்துவிடும் என்று கார்த்திக் சொல்லியிருக்கிறார். பட்டியலில் பின் கேட்டை மூடும் தீர்மானம் இப்போது இருக்கிறது, கீழே என் பெயரும் இருக்கிறது. அம்மா வருடா வருடம் எழுதிய காரணங்களை நினைவிலிருந்து ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். குழந்தைகள் விளையாடும் தெரு. வயதானவர்கள் நடக்கும் தெரு. வண்டி நிற்பதற்கு அங்கே இடமில்லை, வேகத்துக்குத்தான் இடமிருக்கிறது. எனக்குச் சம்மதம் இல்லாத ஒன்றை நான் என் கையால் எழுதியது இதுதான் முதல் தடவை. ஆனால் எழுத்து நன்றாக விழுந்திருக்கிறது, என் எழுத்திலேயே இதுதான் அழகானது.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது இந்தத் தாள்தான். ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்று ஒரு சொல்லும் விடாமல் வாசிப்பேன். செல்வி மன்னிக்க வேண்டும், நன்றாகத்தான் வாசிப்பேன். வாசித்துவிட்டு அதை எதிர்த்து ஓட்டுப் போடுவேன்.